பக்கத்தைத் திறந்து பார்ப்போம்: காமிக்ஸ் படைக்கும் பெண்கள்

(பாளையங்கோட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

காமிக்ஸ் படைக்கும் பெண்களைக் கொண்டாடும் கூட்டம் இது. நாலு பெயரைச் சொல்லி, யார் முதலில் வந்தார், யார் எந்த விருது வாங்கினார் என்று அடுக்கி, கைதட்டிவிட்டுக் கலைந்து போகலாம். ஆனால் காமிக்ஸ் வரைகிறவருக்கு உண்மையான மரியாதை, அவர் வரைந்த பக்கத்தைத் திறந்து வைத்து, இந்தக் கோட்டை ஏன் இங்கே இழுத்தார், இந்த வசன பலூன் ஏன் இந்த உருவத்தில் இருக்கிறது என்று கேட்பதுதான். கேட்டுவிட்டு, அதே வேலையைத் தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து நாம் எப்படிச் செய்வது என்பதையும் பேசியாக வேண்டும்.

தமிழ் காமிக்ஸ் நமக்குத் தூரத்துச் சரக்கு இல்லை. 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் பக்கத்துச் சிவகாசியில்தான் பிறந்தன. லயனின் முதல் இதழின் நாயகி மாடஸ்டி, ஒரு பெண். அவளைப் படைத்தவர் பீட்டர் ஓ'டானல், ஒரு ஆண். அட்டைப்படத்தில் பெண்ணைப் பார்த்துப் பழகிய நமக்கு, தூரிகையைப் பிடித்த பெண்ணின் பெயர் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. இது தமிழுக்கு மட்டுமான குறையும் இல்லை. பிரான்சில் அங்கூலேம் நகரத்தில் நடக்கும் காமிக்ஸ் விழா உலகப் புகழ் பெற்றது. அங்கே 2016-இல் பெரும்பரிசுக்கு 30 பேர் கொண்ட முதல் பட்டியலை வெளியிட்டார்கள். ஒரு பெண் பெயர்கூட அதில் இல்லை. பட்டியலில் இருந்த ஆண்களில் பலர் "எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் விழாக்குழு இறங்கி வந்தது. அதற்கப்புறம் ஜப்பானின் ருமிகோ தகாஹாஷி 2019-இல் அந்தப் பரிசைப் பெற்றார். கனடாவின் ஜூலி டூசே 2022-இல் பெற்றார். டூசேயிடம் பிறகு வருவோம். அவர் தொடங்கிய விதம் நமக்கு ரொம்பத் தேவை.

இப்போது பக்கங்களுக்குள் போவோம்.

அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் 'பீமாயணா' 2011-இல் வந்தது. துர்காபாய் வியாம், அவர் கணவர் சுபாஷ் வியாம் இருவரும் வரைந்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள். எழுத்து ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும், ஸ்ரீவித்யா நம் சென்னைப் பெண். வழக்கமான காமிக்ஸில் இருக்கும் சதுரக் கட்டங்கள் அந்தப் புத்தகத்தில் இல்லை. ஆட்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும், எங்கள் கலை திறந்தவெளிக் கலை என்று சொல்லிவிட்டார்கள். கட்டத்துக்குப் பதிலாக, தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் 'திக்னா' கோலத்தை வளைத்து நெளித்துப் பக்கத்தைப் பிரித்தார்கள். வாசகரின் கண் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறது.

பலூன்களைப் பாருங்கள். சாதுவான பேச்சு பறவை வடிவப் பலூனில் வருகிறது. சாதி வெறி கக்கும் பேச்சுக்குப் பலூனின் வால் தேள் கொடுக்காக இருக்கிறது. மனசுக்குள் நினைப்பதற்கு ஒரு கண் வரைந்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைகூட, அந்தப் பக்கத்தில் யார் கொட்டுகிறார், யார் கொட்டு வாங்குகிறார் என்று சொல்லிவிடும். பலூனின் வால் என்பது யார் பேசுகிறார் என்று காட்டும் குச்சி மட்டும் இல்லை, அது குரலின் குணத்தையும் சுமக்கும் என்று இதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொடுத்த பக்கம் இந்தியக் காமிக்ஸில் வேறு உண்டா என்று தெரியவில்லை. துர்காபாய்க்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அதே 2011-இல் சென்னை தாரா பதிப்பகம் 'சீதாவின் ராமாயணம்' கொண்டுவந்தது. வரைந்தவர் வங்கத்துப் படச்சுருள் ஓவியர் மொய்னா சித்ரகார், எழுதியவர் சம்ஹிதா அர்னி. சுருளை மேலிருந்து கீழாக அவிழ்த்துக்கொண்டே பாட்டுப் பாடிக் கதை சொல்வது அவர்கள் மரபு. சுருளில் ஒரு காட்சியின் கீழேயே அடுத்த காட்சி ஒட்டிக்கொண்டு வரும். புத்தகத்தில் அதைத் துண்டாக்கிப் பக்கவாட்டில் அடுக்க வேண்டும். நம் ஊரிலும் இப்படிப்பட்ட பொக்கிஷம் உண்டு. திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே மாடி மாடியாக ஏறினால், சுவர் நிறையக் கதை. குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கூட அங்கே இருக்கிறது. காமிக்ஸ் வரைய ஆசைப்படுகிற பிள்ளைகள் முதலில் அங்கே போய், ஒரு காட்சி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது, எதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள் என்று குறிப்பெடுக்க வேண்டும்.

பின்லாந்தின் தோவே யான்சன், 1954 முதல் லண்டன் மாலைப் பத்திரிகையில் தினமும், மூமின் என்ற கற்பனைப் பிராணிகளின் படக்கதை போட்டவர். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே அவர் எப்போதும் வெறும் கோடு போடுவதில்லை. கதை மழையில் நடந்தால் ஒரு குடை, தோட்டத்தில் நடந்தால் ஒரு கம்பு, ஒரு செடி நிற்கும். எல்லைக்கோடும் கதைக்குள் வேலை செய்கிறது.

இரானின் மர்ஜான் சத்ரபி 2000 முதல் 2003 வரை பிரான்சில் நான்கு பாகமாக வெளியிட்ட 'பெர்சபோலிஸ்' தமிழிலும் வந்திருக்கிறது. அதன் முதல் பக்கத்தைப் பாருங்கள். பத்து வயதுச் சிறுமி, முக்காட்டோடு, நேராக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த கட்டம் வகுப்புப் படம். அதில் அவள் இடது ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போய், சரியாகத் தெரிவதே இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கறுப்பு உடை. முகத்தையும் முன்முடியையும் வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய வேண்டும். நிழல் கோடு இல்லை, சாம்பல் நிறம் இல்லை. முழுக் கறுப்பு, முழு வெள்ளை. அரசு எல்லோரையும் ஒன்றாக்கப் பார்க்கிறது என்பதை ஒரு வசன பலூன்கூட இல்லாமல் இரண்டு கட்டத்தில் சொல்லியாயிற்று. அச்சுச் செலவும் ஒரே மையோடு முடிந்தது.

அமெரிக்காவின் அலிசன் பெக்டல் வேறு மாதிரி. 'ஃபன் ஹோம்' என்ற புத்தகத்துக்கு ஏழு ஆண்டுகள் உழைத்தார். அதில் வரும் ஒவ்வொரு ஆளின் நிலையிலும் தானே நின்று, உட்கார்ந்து, படம் பிடித்துப் பார்த்துத்தான் வரைந்தார். கறுப்புக் கோடு ஒரு தாளில், நீலமும் பச்சையும் கலந்த சாயல் வேறு தாளில். இரண்டு மையில் முடிந்துவிட்டது புத்தகம். முழு வண்ணம் இல்லாவிட்டால் காமிக்ஸ் எடுபடாது என்கிறவர்களுக்கு இந்த இரண்டு புத்தகங்களே பதில்.

இனி நம் வேலை. முக்கூடல், மேலப்பாளையம், கடையம் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றும் பெண்களை ஒரு பக்கத்தில் வரைவதாக வைத்துக்கொள்வோம். நனைத்துத் துணியில் சுற்றிய இலை. தகட்டை வைத்து அளவாகக் கத்தரிப்பது. மடியில் சொளவு, அதாவது முறம். ஒரு சிட்டிகைத் தூள். உருட்டு, முனை மடிப்பு, நூல் கட்டு. பிறகு இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு. கூலியோ ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு.

புதிதாக வரைகிறவர் இதை ஆறு கட்டத்தில் ஆறு வேலையாகப் போடுவார். பாடப்புத்தகப் படம் மாதிரி ஆகிவிடும். இந்த வேலையின் பாரம், அது திரும்பத் திரும்ப வருவதில்தான் இருக்கிறது. அதனால் கைகளை மட்டும் ஒரே கோணத்தில், ஒரே அளவில், ஆறு கட்டத்திலும் போடுங்கள். மாறுவது பின்னணி மட்டும். முதலில் காலை வெயில், பிறகு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, அடுப்பு, திரும்பி வரும் பிள்ளை, விளக்கு. கடைசிக் கட்டத்தில், சுற்றியதை வாங்கும் பீடிக் கடைக்காரரின் கை நாலைந்து பீடியைக் கழித்து ஓரமாகத் தள்ளுகிறது. பக்கத்தின் வேகம் அங்கே நிற்கும். விரல்களை மனசில் இருந்து வரைந்தால் கட்டாயம் தப்பும். அந்த வேலை தெரிந்தவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அனுமதி கேட்டு, போனில் படம் எடுத்து, அதைப் பார்த்து வரையுங்கள்.

பக்கங்களைப் புத்தகமாக அடுக்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் பக்கம் வலப்பக்கத்தில் வருகிறது. ஆகவே தாளைத் திருப்பியதும் கண்ணில் படுவது எப்போதும் இரட்டைப்படை எண் பக்கம். திடுக்கிட வைக்கிற காட்சி இருந்தால் அதை 2, 4, 6 என்று இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில் வையுங்கள். ஒற்றைப்படைப் பக்கத்தில் வைத்தால், இடப்பக்கம் படிக்கும்போதே வாசகரின் ஓரக்கண் பார்த்துவிடும்.

அடுத்தது வசனம். மற்ற எல்லாவற்றையும்விடத் தமிழ்க் காமிக்ஸ் இங்கேதான் அதிகமாகக் கெடுகிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 'சொல்லிக்கொண்டிருந்தாள்' என்ற ஒரு சொல் பதினொரு எழுத்து. சின்ன பலூனில் ஒரு வரிக்கு அது அடங்காது. உடைத்தால் வாசிப்பு இடறும். நம் பேச்சுத் தமிழ் இதற்குக் கைகொடுக்கும். "ஏட்டி, இலை ஊறிட்டா?" என்று வயசொத்தவள் கேட்கலாம். "மதினி, எத்தன கெட்டு ஆச்சு?" என்று மரியாதைக்குரியவரிடம் கேட்கலாம். மூன்று நாலு சொல்லில் உறவும் வந்துவிடுகிறது, ஊரும் வந்துவிடுகிறது. ஒரு பலூனுக்குப் பத்துப் பன்னிரண்டு சொல், ஒரு கட்டத்துக்கு இரண்டு பலூன் என்பது நல்ல அளவு.

முதலில் பேசுகிறவரை இடப்பக்கம் நிறுத்துங்கள். வலப்பக்கம் நிறுத்தினால் இரண்டு பலூன் வாலும் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும். படத்தை வரைந்து முடித்துவிட்டு இடம் தேடாமல், பென்சில் நிலையிலேயே முதலில் எழுத்தை எழுதி, அதைச் சுற்றிப் பலூனைப் போட்டு, மிச்ச இடத்தில் ஆட்களை வையுங்கள். மாற்றிச் செய்தால் மதினியின் தலை பலூனுக்கு அடியில் போய்விடும்.

ஏ-4 தாளில் வரைந்து ஏ-5 அளவில் அச்சிட்டால் எல்லாம் சுமார் எழுபது விழுக்காடாகச் சுருங்கும். ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் எழுதியது மூன்றரையாகும். அதற்குக் கீழே போனால் மெய்யெழுத்தின் புள்ளி மையில் அமுங்கிக் காணாமல் போகும். கொம்பின் சுழி அடைத்துக்கொள்ளும். 'கெட்டு' 'கேட்டு' ஆகிவிடும். தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கியும் கீழே வளைவும் உண்டு. ஆங்கிலக் காமிக்ஸில் பார்த்த நெருக்கத்தில் வரிகளை அடுக்கினால் 'கி'யும் 'கூ'வும் மோதிக்கொள்ளும். வரிக்கு வரி தாராளமாக இடம் விடுங்கள். கணினியில் எழுத்தைச் சேர்ப்பவர்கள், பழைய ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். இன்க்ஸ்கேப் இலவசம், யூனிகோடுத் தமிழ் அதில் ஒழுங்காக நிற்கும்.

கோடு 0.3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சார்ட் பேப்பரில் மை ஊறும். கொஞ்சம் கனமான கார்ட்ரிட்ஜ் தாள் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாள் ஈரம் குடித்துவிடும். கோட்டின் ஓரம் பிசிறும். தாளைப் பாலிதீன் உறையில் வையுங்கள், கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் போட்டுக்கொள்ளுங்கள், மை நன்றாகக் காயும்முன் ரப்பரை எடுக்காதீர்கள். ஸ்கேன் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி.

இப்போது ஜூலி டூசே. 1988-இல் அவர் தன் காமிக்ஸைத் தானே ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, சின்னப் புத்தகமாக்கி விற்றார். உலகின் பெரும்பரிசுக்குப் போன பாதை ஒரு ஜெராக்ஸ் கடையில் தொடங்கியது. உங்கள் தெருவிலும் ஒரு கடை இருக்கிறது. ஏ-4 தாள் இரண்டு போதும், ஏ-5 அளவில் எட்டுப் பக்கப் புத்தகம் வரும். முதல் தாளின் ஒரு முகத்தில் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 1; பின் முகத்தில் 2, 7. இரண்டாம் தாளில் 6, 3. பின்னால் 4, 5. அருகருகே வரும் எண்களைக் கூட்டினால் எப்போதும் 9 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பியிருக்கிறது. இரண்டு பக்கமும் எடுக்கும்போது தாளைக் குறுகிய ஓரத்தில் திருப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாக வரும். ஜெராக்ஸ் இயந்திரம் ஓரத்தில் நாலைந்து மில்லிமீட்டர் வெள்ளை விடும். எனவே எழுத்தை ஓரத்தில் இருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வையுங்கள். சாதா ஸ்டேப்ளர் நடு மடிப்புக்கு எட்டாது. அதன் வாயைத் திறந்து, தெர்மோகோல் துண்டின் மேல் வைத்துக் குத்தி, பின்னைக் கையால் மடக்குங்கள்.

முன்பக்கத்தின் உள்ளே பெயர்கள் வரட்டும். 1940-இல் ஒரு பெண் நிருபரை நாயகியாக்கித் தொடர் போட்ட டாலியா மெஸ்ஸிக், பெண் என்று தெரிந்தால் பத்திரிகைக்காரர்கள் உறையைத் திறக்கவே மாட்டார்கள் என்று 'டேல்' என்ற பெயரில் அனுப்பினார். உங்களுக்கு அந்த அவசியம் இல்லை. எழுதியவர், பென்சில் போட்டவர், மை போட்டவர், எழுத்துச் சேர்த்தவர், மாதம், வருஷம், ஊர் எல்லாம் போடுங்கள். கைகளைப் படம் எடுக்க விட்ட பீடிப் பெண் சம்மதித்தால், அவர் பெயரும் அங்கே வரட்டும். அச்சானதும் முதல் பிரதியை அவர் கையில் கொடுத்து, விரல் சரியாக வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.