சாம்பலில் ஆறவைத்த கண்ணாடி மணி ஏன் வெடிக்கிறது?

நெல்லியடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பர்னர் சுடரில் கண்ணாடிக் கோலை உருக்கி, கம்பியில் சுற்றி மணி செய்கிறாராம். செய்தவற்றை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடுகிறார். காலையில் பார்த்தால் பத்தில் மூன்று, நான்கு பிளந்து கிடக்கின்றன. முழுசாக இருந்த ஒன்றை மாலையில் கோத்துக் கொடுத்தாராம்; அது மூன்று கிழமை கழித்து, வாங்கியவரின் கழுத்திலேயே வெடித்துவிட்டது. "நான் எங்கே பிழை விட்டேன்?" என்கிறார்.

தங்கச்சி, பிழை ஆறவைத்த விதத்தில்தான் இருக்கிறது. காலையில் பிளந்த மணிக்கும் மூன்று கிழமை கழித்து வெடித்த மணிக்கும் காரணம் ஒன்றேதான்.

தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லாமல் லாம்பு வெளிச்சத்தில் படித்தவர்களுக்கு இது தெரியும். சூடான சிமினியில் ஒரு துளி தூவானம் பட்டால் போதும், டிக்கென்று கீறல் விழும். துளி பட்ட இடம் சட்டென்று சுருங்கப் பார்க்கும், சுற்றியுள்ள கண்ணாடி சுருங்காது. இரும்பென்றால் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். கண்ணாடி நெளியாது, பிளந்துவிடும்.

மணியிலும் அதுதான். சுடரை விட்டு எடுத்ததும் வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உட்பக்கம் பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது, இறுகின வெளிப்பக்கம் விட்டுக் கொடுக்காது. அந்த இழுவை உள்ளேயே பூட்டுப்பட்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் மேசையில் தட்டுப்படும், இல்லையென்றால் வெயிலில் நின்றுவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவார்கள், அவ்வளவுதான். அதனால் வெடிக்காமல் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மணியை நல்ல மணி என்று சொல்ல முடியாது.

சாம்பலோ மணலோ சூடு இறங்கும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் பூட்டுப்பட்ட இழுவையை அவிழ்க்க அவற்றால் முடியாது. அதற்கு மணி முழுவதும் ஒரே சூட்டில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இதைத்தான் அனீலிங் என்கிறோம். நாங்கள் பாவிக்கும் இத்தாலியக் கண்ணாடிக் கோலுக்கு மின்சூளையை ஏறத்தாழ 510 பாகை செல்சியஸில் வைத்து, கடைசி மணி உள்ளே போனதிலிருந்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு மணித்தியாலத்துக்கு 50, 60 பாகை என்று 370 வரை இறக்கி, சூளையை நிறுத்தி, கதவைத் திறக்காமல் காலை வரை விட்டுவிடுங்கள். பெரிய மணிக்கு இன்னும் நேரம் வேண்டும். இடையில் கரண்ட் போனாலும் கதவைத் திறக்க வேண்டாம். அடுத்த நாள் முதலிலிருந்து செய்யலாம்.

மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகமான மாந்தையில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழைய மணிகளுக்குச் சூளைக் கணக்கு யார் பார்த்தார்கள் என்று சிலர் கேட்பார்கள். அவை பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவு மணிகள். அவ்வளவு சின்ன மணியில் உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆறிவிடும். நீங்கள் செய்வது நெல்லிக்காய் அளவு!

சரி, சூளை இருந்தும் சிலருக்கு வெடிக்கிறது. கீறலைப் பாருங்கள். இரண்டு நிறம் சேரும் கோட்டிலேயே ஓடினால் அவை ஒத்துப்போகாத கண்ணாடிகள். கோலில் 104 என்று போட்டிருந்தால், அந்தக் கண்ணாடியில் ஒரு மீட்டர் நீளம் 100 பாகை சூடேறும்போது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூட நீளும். ஆய்வுகூடக் குழாய்க் கண்ணாடிக்கு அது 33, அதாவது மூன்றில் ஒரு பங்குதான். இரண்டையும் ஒட்டினால் எந்தச் சூளையும் காப்பாற்றாது. போத்தல் கண்ணாடியில் செய்ய ஆசையென்றால் முழு மணியையும் ஒரே போத்தலில் செய்யுங்கள்.

மணி குறுக்கே இரண்டாகப் பிளந்தால், வேலை செய்யும்போதே ஒரு முனை ஆறிவிட்டது என்று அர்த்தம். நீள மணியில் ஒரு பக்கம் புள்ளி வைத்துக்கொண்டிருப்போம், மற்றப் பக்கத்தை மறந்துவிடுவோம். அடிக்கடி முழு மணியையும் சுடரின் வெளி விளிம்பில் சுழற்றுங்கள். வெக்கை என்று ஃபேனை மணிப்பக்கம் திருப்பி வைக்காதீர்கள், நானே அப்படி எத்தனையோ மணிகளை இழந்திருக்கிறேன். துளையடி கூராக இருந்தாலும் கீறல் அங்கிருந்துதான் தொடங்கும். ஓரத்தை உருட்டி மழுக்குங்கள். அப்புறம், செந்தணல் நிறம் அடங்கியதும் தாமதிக்காமல் சூளைக்குள் வையுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மடிக்கணினியில் வெள்ளைத் திரையை வைத்து, வெயிலுக்குப் போடும் போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி ஒன்றை முன்னால் பிடித்துத் திரை இருளும் வரை திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவே மணியைப் பிடியுங்கள். இருட்டில் மணிக்குள் வெளிச்சக் கீற்றுத் தெரிந்தால் உள்ளே இழுவை இருக்கிறது. ஊடே ஒளி போகாத நிறங்களில் இது பலிக்காது.

உங்களிடம் இப்போது இருக்கும் முழு மணிகளை எறிய வேண்டாம். குளிர்ந்த சூளையில் வைத்து, மெல்ல 510 வரை ஏற்றி, சொன்னபடி இறக்குங்கள். கீறல் விழுந்தது இதனால் ஒட்டாது. சொந்தச் சூளை இல்லாவிட்டால் சேர்த்து வைத்து, சூளை இருப்பவரிடம் ஒரு நாள் கேட்டு வைக்கலாம். கோத்துக் கொடுத்த மற்ற மாலைகளையும் திருப்பி வாங்குங்கள் தங்கச்சி. நூலைக் கழற்றி, மணிகளைக் கழுவிச் சூளையில் வைத்தெடுத்து, புதிதாகக் கோத்துக் கொடுங்கள்.