கேமரா இன்சூரன்ஸ்: உடைஞ்சா சரி, காணாமப் போனா?

[காட்சி: காத்துல சாயுற ட்ரைபாட். லென்ஸ் தரையைத் தொடுற நொடியில படம் நிக்குது.]

ட்ரைபாட் சாயுது, லென்ஸ் முன்பக்கமா தரையில மோதுது. இதே கேமராவுக்கு இன்னும் மூணு கதி யோசிச்சுப் பாருங்க. பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் கழிச்சு தோளைத் தொட்டா பை இல்ல. வாடகைக்கு வாங்கிட்டுப் போனவர் திரும்பி வரல. ஆறு மாசம் அலமாரியில கிடந்த லென்ஸுக்குள்ள பூஞ்சை படர்ந்திருக்கு.

உங்களுக்கு நாலும் ஒரே நஷ்டம்தான். பாலிசிக்கு நாலும் வேற வேற. முதலாவதுக்குப் பணம் வர வாய்ப்பு நிறைய. இரண்டாவதும் மூணாவதும் பாலிசியில என்ன எழுதியிருக்குங்கிறதைப் பொறுத்தது. நாலாவதுக்கு அநேகமா எங்கேயும் வராது. ஏன்னா, பாலிசி கேமரா இப்போ எந்த நிலையில இருக்குன்னு கேக்கறதில்ல. அதுக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்குது.

[காட்சி: வாரண்டி கார்டு, பயணப் பாலிசி, வீட்டுப் பாலிசி வரிசையா.]

முதல்ல, கையில ஏற்கெனவே எது இருக்குன்னு பார்ப்போம். கம்பெனி வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும். கீழ விழுந்ததும் தண்ணி போனதும் அதுல வராது. காசு கட்டி நீட்டிக்கிற வாரண்டி சிலதுல விபத்துச் சேதம் உண்டு, ஆனா திருட்டு பெரும்பாலும் கிடையாது. பயண இன்சூரன்ஸ்ல மொத்த லக்கேஜுக்கு ஒரு வரம்பு, ஒரு பொருளுக்குன்னு அதைவிடச் சின்ன வரம்பு. இதுல பாடி, லென்ஸ், ஃபிளாஷ் எல்லாத்தையும் சேர்த்து ஒரே பொருளா எண்ணுற பாலிசிகள் இருக்கு. அங்கதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க.

வீட்டுப் பொருள் பாலிசி வீட்டுக்குள்ள நடக்கிறதுக்கு. வெளியில எடுத்துட்டுப் போற பொருளுக்குத் தனியா ஒரு நீட்டிப்பு வாங்கணும், அதுல கேமராவைப் பேர் சொல்லி, சீரியல் நம்பரோட சேர்க்கணும். அப்பவும் ஒரு நிபந்தனை நிக்கும்: சொந்த உபயோகம் மட்டும். ஒரே ஒரு கல்யாணத்துக்குக் காசு வாங்கிட்டு எடுத்தாலும், அன்னைக்கு உடைஞ்சதுக்கு மறுக்க அவங்களுக்குக் காரணம் கிடைச்சிடும். எப்பவாவது காசுக்கு எடுப்பீங்கன்னா பாலிசி போடுறப்பவே சொல்லிடுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடும், ஆனா மறைச்சு வாங்குன பாலிசி கையில இருந்தும் இல்லாத மாதிரிதான்.

[காட்சி: 'திடீர்', 'எதிர்பாராத', 'வெளியிலிருந்து'. மூணு சொல் மட்டும் திரையில.]

விபத்துச் சேதம்னா என்ன? பெரும்பாலான பாலிசிகள் இந்த மூணு சொல்லைச் சுத்தித்தான் இருக்கு. திடீர்னு நடக்கணும், எதிர்பாராததா இருக்கணும், வெளியிலிருந்து வரணும். ஷட்டர் தானா நின்னு போச்சுன்னா அது வெளியிலிருந்து வரல. ஜூம் வளையத்து ரப்பர் தளர்றது திடீர்னு நடக்கல. பூஞ்சை, துரு, சென்சார் தூசி, தேய்மானம் எல்லாம் இதே காரணத்தால வெளியில நிக்குது. பூஞ்சைக்கு உண்மையான இன்சூரன்ஸ் ஈரப்பதம் 40லிருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கிற ஒரு டிரை கேபினட்தான்.

இதுல ஒரு நுணுக்கம். கழுத்துப் பட்டை நைஞ்சு போய் அறுந்து, கேமரா விழுந்துச்சுன்னு வைங்க. பட்டைக்குக் காசு வராது, அது தேய்மானம். ஆனா விழுந்ததுல உடைஞ்ச லென்ஸ் விபத்து. 'தேய்மானத்தின் விளைவாக ஏற்படும் சேதமும் விலக்கு'ன்னு உங்க பாலிசியில எழுதியிருக்கா, தேய்ஞ்ச பாகம் மட்டும் விலக்கான்னு தேடிப் படிங்க. ஒரு வரி வித்தியாசம்தான், மொத்த லென்ஸும் அதுல அடங்கியிருக்கு.

[காட்சி: காலியான கார் பின்சீட்.]

இப்போ காணாமப் போறது. திருட்டு வேற, தொலையறது வேற. பூட்டை உடைச்சு எடுத்தா அடையாளம் இருக்கும். பையைப் பறிச்சுட்டு ஓடினா நேரமும் இடமும் சொல்ல முடியும். 'எங்க விட்டேன்னே தெரியல'ன்னா சொல்றதுக்கு எதுவுமே இல்ல. விளக்கம் இல்லாத இழப்புன்னு அதைத் தனியா விலக்கி வெச்சிருப்பாங்க. 'தொலைதல்' உங்க பாலிசியில வெளிப்படையா எழுதியிருந்தா மட்டும் நம்புங்க. 'திருட்டு'ங்கிற சொல்லுக்குள்ள அது அடங்கியிருக்கும்னு நினைச்சுக்காதீங்க.

காருக்கு ஏறக்குறைய எல்லாப் பாலிசியிலும் தனி ஷரத்து உண்டு. ஆள் இல்லாத வண்டியில வெச்சிருந்தா, வண்டி பூட்டியிருக்கணும், பொருள் கண்ணுக்குத் தெரியாம டிக்கிக்குள்ள இருக்கணும், வலுக்கட்டாயமா உள்ள புகுந்த தடயம் இருக்கணும். சிலதுல ராத்திரி முழுக்க வண்டியில விட்டா எதுவுமே கிடையாது. சீட்ல துணி போட்டு மூடி வெக்கிறதை மறைச்சு வெச்சதா ஏத்துப்பாங்கன்னு எதிர்பார்க்காதீங்க.

வாடகைக்குக் குடுக்கிறவங்க இதைக் கவனமா கேளுங்க. ஒருத்தர் அடையாள அட்டை காட்டி, முன்பணம் குடுத்து, நீங்களே உங்க கையால எடுத்துக் குடுத்த கேமராவோட மறைஞ்சுட்டார்னா, பல பாலிசிகள் அதைத் திருட்டா எடுத்துக்காது. நீங்களா விரும்பிக் குடுத்தது, அதனால நம்பிக்கை மோசடி. அதுக்குன்னு தனியா நீட்டிப்பு இருந்தா வாங்குங்க, இல்லைன்னா வாடகைக்குக் குடுக்காதீங்க. நண்பருக்கு இரவல் குடுக்கிறதும் இதே வகைதான். பாலிசி உங்க பேர்ல, உங்க பொறுப்புல இருக்கிற வரைக்கும்தான். ஒரே வீட்டுல இருக்கிற குடும்பத்தாரைச் சிலது சேர்த்துக்கும்.

[காட்சி: 100 கட்டங்கள். 60 நிறம் மாறுது.]

அடுத்து, எவ்வளவு தொகைக்குப் போடறது. உங்க பொருள் மொத்தத்தோட விலை 100ன்னு வெச்சுக்கோங்க. பிரீமியத்தைக் குறைக்க 60க்குப் போட்டிருக்கீங்க. 30 விலையுள்ள லென்ஸ் உடைஞ்சுது. 60 இருக்கே, 30 முழுசா வந்திடும்னு தோணும். வர்றது 18தான். 100ல 60 பங்கைத்தான் காப்பீடு பண்ணீங்க, அதனால எந்த நஷ்டத்துலயும் 60 பங்குதான் அவங்க பொறுப்பு. அதுல உங்க கைப்பங்கு, அதாவது ஒவ்வொரு கிளெய்ம்லயும் நீங்களே ஏத்துக்க வேண்டிய தொகை, 5ன்னு பிடிச்சா, கையில வர்றது 13. இந்த விகித ஷரத்து தெரியாமத்தான் பலர் கிளெய்ம் வந்தப்புறம் சண்டை போடுறாங்க.

மொத்த விலைன்னா பாடியும் லென்ஸும் மட்டுமில்ல. பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு, ஃபில்டர், ஃபிளாஷ், ட்ரைபாட் தலை, பை எல்லாத்தையும் எழுதிக் கூட்டுங்க. கூட்டுத்தொகை நீங்க நினைச்சதைவிட நிச்சயம் பெருசா இருக்கும். கார்டுல இருந்த படங்களுக்கு மட்டும் எந்த விலையும் கிடைக்காது. பாலிசிக்கு அது வெறும் கார்டுதான்.

எந்த அடிப்படையில குடுப்பாங்கன்னும் கேளுங்க. பழசுக்குப் புதுசா, தேய்மானம் கழிச்ச இன்றைய மதிப்பா, முன்கூட்டியே ஒத்துக்கிட்ட தொகையா? பாடி விலை வருஷா வருஷம் சரியும், நல்ல லென்ஸ் அவ்வளவு சரியாது. அதனால தேய்மானம் கழிக்கிற பாலிசி பாடிக்குப் பெருசா வலிக்கும். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பழசுக்குப் புதுசு வாங்குங்கன்னுதான் நாங்க சொல்லுவோம்.

[காட்சி: கேமராவோட அடிப்பக்கம். சீரியல் நம்பர் பெருசாகுது.]

ஆதாரம். பாடியோட நம்பர் பொதுவா அடிப்பக்கம், லென்ஸோடது மவுண்ட், அதாவது பாடியில மாட்டுற வளையம், பக்கத்துல. ரெண்டையும் படம் எடுங்க, பில்லுல அதே நம்பர் இருக்கான்னு பாருங்க. பழசா வாங்கியிருந்தா விக்கிறவர்கிட்ட நம்பரோட ஒரு வரி எழுதி வாங்கிக்கோங்க, பணத்தை வங்கி வழியா அனுப்புங்க.

பில் தொலைஞ்சு போயிருந்தாலும் ஒரு வழி இருக்கு. எக்ஸிஃப்ங்கிறது கேமரா விவரங்களைப் படத்துக்குள்ள பதியுற தரம். 2010ல வந்த அதோட 2.3 பதிப்பிலிருந்து, படத்துக்குள்ளயே பாடி நம்பர், லென்ஸ் நம்பர் ரெண்டுக்கும் இடம் உண்டு. நிறைய கேமராக்கள் அதை எழுதுது. ஒவ்வொரு லென்ஸ்லயும் எடுத்த ஒரு ரா ஃபைலை (கேமரா சுருக்காம, மாத்தாம சேமிக்கிற மூலப் படம்) அப்படியே பத்திரப்படுத்துங்க. சாட் ஆப்ல அனுப்பினது உதவாது, அதுல இந்தத் தகவல் பெரும்பாலும் அழிஞ்சிடும்.

[காட்சி: உடைஞ்ச லென்ஸ். பக்கத்துல கழட்டி வெச்ச பேட்டரி.]

விழுந்த அன்னைக்கு என்ன செய்யணும்? ஆஃப் பண்ணி பேட்டரியைக் கழட்டுங்க. கிடந்த இடத்தையும் உடைஞ்ச துண்டுகளையும் படம் எடுங்க, துண்டுகளைத் தூக்கிப் போடாதீங்க. கடல் தண்ணின்னா 'வேலை செய்யுதா பார்ப்போம்'னு ஆன் பண்ணவே கூடாது. அரிசிக்குள்ள புதைச்சா ஈரம் கொஞ்சம் குறையலாம், உப்பு உள்ளயே இருந்து அரிக்கும். அன்னைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க. சேதம் பெருகாம தடுக்கிறது பாலிசியிலயே உங்க கடமையா எழுதியிருக்கும். ஆனா பாகம் மாத்தறதுக்கு முன்னாடி கம்பெனிக்குத் தகவல் போயிருக்கணும், சேதத்தை மதிப்பிடுற அவங்க சர்வேயர் பார்க்கணுமான்னு கேட்டிருக்கணும்.

எஸ்டிமேட்லதான் பெரிய தப்பு நடக்குது. லென்ஸ் முன்பக்கமா மோதினா அந்த அடி மவுண்ட் வழியா பாடிக்கும் போகும். கண்ணாடி உடையலன்னு சந்தோஷப்படாதீங்க. உள்ள ஒரு எலிமென்ட், அதாவது ஒரு கண்ணாடி வில்லை, நகர்ந்திருக்கலாம். ஒரு செங்கல் சுவருக்கு நேரா, மட்டமா நின்னு, ஒளி நுழையுற அப்பர்ச்சரை முழுசா திறந்து எடுங்க. இடது ஓரம் கூர்மையா, வலது ஓரம் கலங்கலா வந்தா சந்தேகம்தான். மவுண்ட் வளைஞ்ச லென்ஸை இன்னொரு பாடியில மாட்டிப் பார்க்காதீங்க, அதையும் கெடுக்கும். லென்ஸ், பாடி ரெண்டையும் சோதிச்சு, 'மோதலால் ஏற்பட்ட சேதம்'னு எழுத்துல ஒரே எஸ்டிமேட்டா வாங்குங்க. மூணு மாசம் கழிச்சு பாடிக்குத் தனியா கேட்டா அது வேற சம்பவம் ஆயிடும். கைப்பங்கும் ரெண்டு தடவை.

திருட்டுன்னா அன்னைக்கே போலீஸ்ல புகார், அதுல சீரியல் நம்பர். 24 மணி நேரத்துக்குள்ளன்னு கெடு வெக்கிற பாலிசிகள் உண்டு.

[காட்சி: விமான நிலையத்துல நகரும் பெல்ட்.]

விமானத்துல கேமராவைக் கையிலயே வெச்சுக்கோங்க. உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில போடவே கூடாது. சாதாரண கேமரா பேட்டரி பெரும்பாலும் 20 வாட்-அவருக்குள்ளதான், 100 வரைக்கும் அனுமதி கேக்க வேண்டியதில்ல. கேமராவையும் சரக்குல போட்டு உடைஞ்சா, பல பாலிசிகள் ஒதுங்கிக்கும். மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்துற சர்வதேசப் பயணத்துல, லக்கேஜுக்கு விமான நிறுவனத்தோட பொறுப்பு 2024 டிசம்பர் 28லிருந்து ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரைக்கும். அது பன்னாட்டு நிதியத்தோட கணக்கு அலகு. சேதத்தைப் பெட்டி கையில கிடைச்ச 7 நாளுக்குள்ள அந்த நிறுவனத்துக்கு எழுத்துல சொல்லணும்.

கிளெய்ம் மறுத்தா, எந்த ஷரத்துப்படின்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. 'தேய்மானம்'னு பதில் வந்தா, சர்வீஸ் சென்டர்ல மோதல் சேதம்னு குடுத்த எஸ்டிமேட்டையும் அன்னைக்கு எடுத்த படங்களையும் சேர்த்து மறுபரிசீலனைக்கு அனுப்புங்க. விபத்துக்கு முன்னாடி அதே லென்ஸ்ல கூர்மையா வந்த ஒரு ரா ஃபைல் இருந்தா அதையும் வெயுங்க. தேதி அதுக்குள்ளயே இருக்கும்.