இறாக்கையில் ஓரிடம், பட்டியலில் பல வழி

அவைத் தலைவர் அவர்களே, மலையக நூலகங்களில் பணியாற்றும் நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே,

மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிற்சங்க மேடைகளில் பாடிய பாட்டுகள் சிறு பிரசுரங்களாகவும் அச்சேறின என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய பிரசுரம் ஒன்று நாளை உங்கள் நூலகத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண் ஒட்டுவதற்கு அதற்கு முதுகுகூட இராது. மடித்த தாள்களும் நடுவே ஒரு தையலுமே இருக்கும். செய்யுள் என்று பார்த்தால் அது தமிழ் இலக்கியத்துக்குரிய பகுப்பெண்ணான 894.811இல் சேர வேண்டும். தொழிற்சங்கம் என்று பார்த்தால் 331.88, இலங்கை வரலாற்றுச் சான்று என்று கொண்டால் 954.93. மூன்றும் சரியான விடைகளே. ஆனால் ஒரு பிரதி ஓர் இறாக்கையில்தான், அதாவது ஒரு நூல் தட்டில்தான், நிற்க முடியும்.

நமது நூலகங்களுக்குப் பழக்கமான தசமப் பகுப்பை அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்டார். அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாகவும், ஒவ்வொன்றையும் மேலும் பத்தாகவும் பிரித்துச் செல்லும் அந்த ஏற்பாடு கற்பதற்கு எளிது. அது நிலைத்ததற்கு அந்த எளிமையே காரணம். ஆயினும் எந்தத் திட்டமும் தன்னை ஆக்கியவரின் ஊரிலிருந்தே உலகைப் பார்க்கிறது. சமயத்துக்குரிய 200களில் 220 முதல் 280கள் வரை கிறிஸ்தவத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்க, பௌத்தமும் இந்து சமயமும் இஸ்லாமும் 290க்குள் நெருக்கியடித்து இருக்கின்றன. நான்கு சமயத்தவரும் அடுத்தடுத்து வாழும் ஹட்டனிலோ பதுளையிலோ, ஒரு மாணவர் அந்த இறாக்கையைப் பார்த்து உலக சமயங்களின் அளவை முடிவுசெய்தால் என்ன நினைப்பார்?

இந்த இறுக்கத்தைத் தளர்த்த முனைந்தவர் நம் மொழிக்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். இலண்டனில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைக் கண்டபோது, அதே துண்டுகளைப் பலவிதமாகப் பூட்டலாம் என்பதிலிருந்து அவருக்கு வழி பிறந்தது. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பில், ஒரு நூலின் பொருள் முகம் முகமாக, அதாவது கூறு கூறாக, பிரிக்கப்பட்டு, பிறகு கோக்கப்படுகிறது. இடமும் காலமும் அம்முகங்களில் இரண்டு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்துத் திணை வகுத்த தொல்காப்பியத்தைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அந்த இலக்கணமே, திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், அதாவது கலக்கலாம், நிலம் மயங்காது என்று விதி செய்தது. வகுத்தவர்களே மயக்கத்துக்கும் இடம்விட்டார்கள் என்பதை நம் புலவர்கள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை என்பது என் குறை.

நூலகத்தில் நிலம் என்பது இறாக்கை. அது மயங்காது, எண் ஒன்றே. பட்டியலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே நூலுக்குப் பத்துப் பதிவுகள் எழுதலாம். அட்டைக் காலத்திலும் இது முடிந்தது, கணினியில் இன்னும் எளிது. ஆகவே டூயியைத் திட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு அக்கறையில்லை. குற்றம் பெரும்பாலும் நம்முடையது: எண்ணைப் போட்டதும் வேலை முடிந்ததென்று எண்ணி, விடயத் தலைப்புகளை ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறோம்.

காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசியில் காமன் கம்பம் ஊன்றி, ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் செய்து, சிவன் மதனை எரிப்பது வரை தேயிலைத் தோட்டமே பங்குகொள்ளும் நிகழ்வு அது. சமயம், நாடகம், நாட்டார் வழக்காறு, தப்பு என்னும் பறையின் வாசிப்பு எல்லாம் அதில் உண்டு. அதைப் பற்றிய நூலை 398இல் வைப்பவர் தவறு செய்யவில்லை. பட்டியலில் ‘கூத்து’ என்று தேடுபவருக்கும் ‘தப்பு’ என்று தேடுபவருக்கும் அது அகப்படாமல் போவதுதான் தவறு.

பெயர்களின் கதை இதைவிடக் கடினமானது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கும் நம் பெயர்களில் குடும்பப் பெயரைத் தேடினால், மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையை எங்கே வைப்பது என்று திணற வேண்டிவரும். ஆங்கில எழுத்தில் ஒரு ‘பி’யா, இரண்டா என்பதில் அவரே இருவராகிவிடுவார். செக்ரோல் என்னும் தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில் பெயரும் வயதும் பிழையாக எழுதப்பட்ட தொழிலாளிக்கு, மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழை எத்தனை இடர் தந்திருக்கும் என்பதை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. பட்டியல் எழுதுபவரின் கைப்பிழைக்கு விலை கொடுப்பவர் எப்போதும் வேறொருவர்.

தோட்டப் பெயர்களிலும் இதே சிக்கல். கம்பனிப் பதிவேட்டில் ஒரு ஸ்கொட்லாந்துப் பெயர், மக்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர், டிவிஷன் என்னும் தோட்டப் பிரிவுக்குத் தனிப் பெயர், சில இடங்களில் சிங்களப் பெயரும் உண்டு. தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் வழங்கும் பெயரை மட்டும் அறிந்த ஒரு பேத்தி, தன் பாட்டனின் தோட்டத்தைப் பற்றிய நூலை ஆங்கிலப் பெயரின் கீழ் எப்படித் தேடுவாள்? ஒவ்வொரு நூலகமும் தன் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு, எல்லாப் பெயர்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் ‘காண்க’ பதிவுகளை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தோட்ட வேலையை மேற்பார்த்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளைமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து டிவிஷன் டிவிஷனாகப் பெயர்களைக் கேட்டெழுதினால், ஒரு பிரதேச சபை எல்லைக்குள் உள்ள தோட்டங்களிலிருந்தே வேலையைத் தொடங்கிவிடலாம்.