நீங்க வளர்க்கிற பாம்பு உரிச்ச சட்டையைத் தூக்கிப் போடாதீங்க! முதல்ல இந்த ரெண்டு இடத்தைப் பாருங்க

[திரையில்: உரித்த சட்டையின் தலைப்பகுதி, விளக்கு வெளிச்சத்தில், மிக நெருக்கத்தில்]

இந்தச் சட்டையில ரெண்டு இடம் முக்கியம். அங்க ஓட்டை தெரிஞ்சா வேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம். மெல்லிசா, கண்ணாடியா மூடியிருந்தா நிம்மதி. எந்த ரெண்டு இடம்? கண்ணு ரெண்டும்தான்.

பாம்புக்கு இமை கிடையாது. அதுக்குப் பதிலா ஒவ்வொரு கண்ணு மேலயும் ஒரே ஒரு ஒளி ஊடுருவுற செதில் இருக்கு. சட்டை உரியும்போது அதுவும் சேர்ந்து கழண்டு வரணும். வரலைன்னா பழைய மூடி கண்ணுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்.

இப்போ கவனமாக் கேளுங்க, இந்த வீடியோவோட உயிர் இதுதான். கண்ணு மேல சுருக்கம் விழுந்திருக்கு, ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருக்குன்னு பார்த்ததும் "ஆகா, பழைய மூடி ஒட்டியிருக்கு"ன்னு ட்வீசரை எடுத்துடாதீங்க. உடம்புல நீர்ச்சத்து குறைஞ்சாலும் கண் அப்படித்தான் தெரியும், குறிப்பா பால் பைத்தான்ங்கிற (ball python) வளர்ப்பு மலைப்பாம்புக்கு. அங்க பழைய மூடின்னு எதுவுமே இருக்காது. இருக்கிற ஒரே மூடியைத்தான் நீங்க பிய்ச்சு எடுப்பீங்க. அடியில இருக்கிற விழி மூடி இல்லாமக் காய்ஞ்சு, கண்ணே போகலாம். செல்லோ டேப் ஒட்டி இழுக்கிற வீடியோவும் சுத்துது. தயவுசெஞ்சு அதை யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

உண்மையிலேயே ஒட்டியிருந்தா என்ன பண்றது? ஈரப்பதத்தை ஏத்திட்டு அடுத்த சட்டைக்காகக் காத்திருங்க. பெரும்பாலும் பழையதும் புதுசும் சேர்ந்தே வந்துடும். அடுத்த தடவையும் வரலைன்னாலோ, கண் வீங்கியிருந்தாலோ, ஊர்வன பார்க்கத் தெரிஞ்ச கால்நடை மருத்துவர்கிட்டப் போயிடுங்க. இதுல கைவைத்தியம் வேண்டாம்.

சரி, பாம்பு ஏன் சட்டை உரிக்குது? வளருது, மேல்தோல் தேயுது. முன்கதை அவ்வளவுதான், நகர்வோம்.

[திரையில்: நிறம் மங்கிய பாம்பு, பால் படர்ந்தது போன்ற நீலக் கண்]

முதல் நாலஞ்சு நாள் நிறம் மங்கும். பால் பைத்தானுக்கு அடிவயிறு லேசா ரோஸ் நிறமாகும். அப்புறம் கண் பூத்துப் போகும், நீலமாத் தெரியும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவுல ஒரு திரவம் சுரந்து ரெண்டையும் பிரிக்குது, அந்த மங்கல் அதனால வர்றதுதான். இந்த நாட்கள்ல பார்வை சரியாத் தெரியாது, பயத்துல சீறும். தூக்காதீங்க. இரையைத் தொடலைன்னா கவலையும் படாதீங்க, ஒரு வேளை போனா ஒண்ணும் ஆகாது.

அடுத்துதான் பொறி. சில நாள் கழிச்சுக் கண் மறுபடியும் பளிச்சுன்னு தெளிஞ்சிடும். உடனே "முடிஞ்சது"ன்னு நினைச்சுத் தண்ணி தெளிக்கிறதை நிறுத்திடுறாங்க. முடியலைங்க! கண் தெளிஞ்ச பிறகு இன்னும் சில நாள் கழிச்சுத்தான் பாம்பு சட்டையைக் கழட்டும். ஈரம் ரொம்பத் தேவைப்படுற நேரமே அதுதான். பழைய தோல் அப்போ காய்ஞ்சா, காலுறையைக் கழட்டுற மாதிரி உள்பக்கம் வெளியே வந்து ஒரே உருவா வர வேண்டியது, துண்டு துண்டாக் கிழிஞ்சு அங்கங்கே ஒட்டிக்கும்.

எவ்வளவு ஈரம் வேணும்? பால் பைத்தானுக்குச் சாதாரண நாள்ல 60 சதவீதம் பக்கம், சட்டை உரிக்கிற இந்த ரெண்டு வாரம் 70ல இருந்து 80. கார்ன் ஸ்நேக் 40ல இருந்து 60க்குள்ள இருக்கும், அதுக்கு இப்போ கொஞ்சம் ஏத்திக் கொடுங்க. பிரேசில் ரெயின்போ போவாவுக்கு எப்பவுமே 75க்கு மேல வேணும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு ஒண்ணு சொல்றேன். 25 டிகிரியில 60 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக் காத்து இருக்கு. அதே காத்தைப் பாம்பு இருக்கிற கண்ணாடி டேங்க் உள்ள 32 டிகிரிக்குச் சூடாக்கினா ஈரப்பதம் சுமார் 40 ஆயிடும். ஒரு சொட்டுத் தண்ணிகூட வெளியே போகலை! சூடான காத்துக்கு நீராவியைத் தாங்குற கொள்ளளவு கூடுது, அதனால சதவீதம் இறங்குது. அறையில மாட்டின ஈரப்பத மீட்டரைப் பார்த்துட்டு "எங்க வீட்ல ஈரம் போதும்"னு சொல்றவங்க தோத்துப் போறது இங்கதான். டேங்க் உள்ளே, பாம்பு படுக்கிற உயரத்துல அளங்க. முள் சுத்துற வட்ட மீட்டர் வேண்டாம், டிஜிட்டல் வாங்குங்க.

டிஜிட்டலும் பொய் சொல்லும், சோதிச்சுக்கோங்க. ஒரு பாட்டில் மூடியில சமையல் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணி விட்டுக் கெட்டியாக் குழைங்க. உப்பு கரைஞ்சு போயிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காத்துப் புகாத டப்பாவுல வச்சு, அறை வெப்பத்துல ஒரு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில 75 காட்டணும். 68 காட்டினா, அந்த மீட்டர் சொல்றதோட ஏழைக் கூட்டிப் படிச்சுக்கோங்க.

[திரையில்: மூடியில் வட்ட ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரப் பாசி]

டேங்க் முழுக்க நனைக்கணும்னு இல்லை. பாம்பு சுருண்டு படுக்கிற அளவுக்கு மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுங்க. அதோட உடம்பை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை போட்டு, விளிம்பை மழுங்கத் தேய்ச்சுடுங்க. ஸ்பேக்னம்ங்கிற, தண்ணியை உறிஞ்சி வைக்கிற பாசியை நனைச்சு, இனிமே சொட்டாதுங்கிற வரைக்கும் பிழிஞ்சு நிரப்புங்க. ரொம்பக் குளிராத, வெதுவெதுப்பான பக்கம் வச்சா போதும். வாரம் ஒரு தடவை பாசியை மாத்துங்க, பூஞ்சை பிடிக்கும். மேல்மூடி வலையா இருந்தா மூணுல ரெண்டு பங்கை மூடுங்க, முழுசா மூடாதீங்க. தரையே எந்நேரமும் சொதசொதன்னு கிடந்தா அடிவயிற்றுச் செதில் அழுக ஆரம்பிக்கும். உரசிக் கழட்ட ஒரு சொரசொரப்பான கட்டையும் போட்டு வைங்க, மூக்கு நுனியைத் தேய்ச்சுத்தான் ஆரம்பிக்கும்.

இவ்வளவுக்கும் ஒட்டிக்கிட்டா? காத்து ஓட்டை உள்ள டப்பாவுல 28, 30 டிகிரி தண்ணி, உடம்போட பாதி உயரத்துக்கு மட்டும். 20 நிமிஷம் ஊறட்டும், கூடவே இருங்க, தனியா விட்டுட்டுப் போகாதீங்க. அப்புறம் ஈரத் துண்டைத் தளர்வாப் பிடிச்சு, பாம்பை அதுக்குள்ள அதுபாட்டுக்கு ஊர்ந்து போக விடுங்க. தோல் துண்டுலயே நின்னுடும். வரலையா, நாளைக்குப் பார்த்துக்கலாம். காய்ஞ்ச தோலை நகத்தால இழுத்தா புதுத் தோலும் சேர்ந்து கிழியும். எண்ணெய், வாசலினும் வேண்டாம்.

எல்லாம் வந்திருச்சுன்னு தோணினாலும் வால் நுனியைத் தொட்டுப் பாருங்க. அங்க மோதிரமாச் சுத்தி நிக்கிற ஒரு சின்ன வளையம் காய்ஞ்சு இறுகினா ரத்த ஓட்டம் நின்னு, நுனி கருத்து உதிர்ந்துடும். சட்டையை விரிச்சுப் பார்த்தா வால் கூர்மையா முடியணும்.

அப்புறம் சட்டையை அளந்து "என் பாம்பு இவ்வளவு வளர்ந்திருச்சு"ன்னு ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. செதிலுக்கு நடுவுல மடிஞ்சிருந்த தோலும் நீண்டு வர்றதால சட்டை எப்பவும் பாம்பை விட நீளம்தான்! அதே மாதிரி ராட்டில் ஸ்நேக்கோட வால் கிலுகிலுப்பையில ஒவ்வொரு உரிப்புக்கும் ஒரு கண்ணி கூடும், ஆனா வருஷத்துக்குப் பல தடவை உரிக்கும், நுனியும் உடையும். அதை எண்ணி வயசு சொல்றவர் கதை விடுறார்.

ஈரம் சரியா இருந்தும் ஒவ்வொரு தடவையும் கிழிஞ்சே வந்தா, தண்ணிப் பாத்திரத்தைப் பாருங்க. அடியில மிளகுப் பொடி அளவுல கறுப்புப் புள்ளி கிடந்தா அது உண்ணி. தாடைக்குக் கீழயும் கண் ஓரத்துலயும் தேடுங்க. அதுக்குப் பாசி டப்பா உதவாது, மருத்துவர்தான். உண்ணியை ஒழிக்கிறது தனி வீடியோ அளவுக்குப் பெரிய சமாச்சாரம், வேணும்னா கேளுங்க. இப்போ உப்புச் சோதனை பண்ணிட்டு, உங்க மீட்டர் எவ்வளவு காட்டுச்சுன்னு எண்ணை மட்டும் கமெண்ட்ல போடுங்க.