குட்டி விழும் மாதம்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

செம்மறியாடு குட்டி ஈன்றதும் ஒரு சத்தம் கொடுக்கும். மே என்று கத்துகிற சத்தம் இல்லை. வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே தாழ்வாக ஒரு முனகல். குட்டியை நக்கும், முனகும், மறுபடி நக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் காதில் விழும். 26 வருடமாக அந்தச் சத்தத்துக்காக மார்கழி, தை ராத்திரிகளில் பட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். அது கேட்டுவிட்டால் போய்ப் படுக்கலாம். கேட்கவில்லை என்றால் அன்றைக்குத் தூக்கம் இல்லை.

திருப்பூர் மாவட்டம் மூலனூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தோட்டம் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். பெரும்பகுதி கொரங்காடுதான். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக்காரர்களுக்குக் கொரங்காடு என்றால் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றித்தான் மழை. அந்த மழைக்கு வெள்ளாமை எடுக்கப் பார்த்தால் மூன்று வருடத்தில் ஒரு வருடம் தேறும், ஆடு மாடு என்றால் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டு வைத்த நிலம் அது. என்னிடம் இப்போது 52 தாய் ஆடு இருக்கிறது. எல்லாம் மேச்சேரி இனம். கம்பளி இல்லாத, குட்டை முடி, செம்பழுப்பு நிற ஆடு. அதன் தோலுக்குத் தோல் தொழிற்சாலைக்காரர்களிடம் நல்ல பேர். கிடாய் மட்டும் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இருந்து வாங்கி வந்தேன். அங்கே 1978-ல் இருந்து இந்த ஆட்டுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஆட்டுக்குச் சினை 5 மாதம். கணக்காகச் சொன்னால் 147 நாளில் இருந்து 150 நாள். எங்கள் பட்டியில் கிடாய் வருடம் முழுக்க ஆடுகளோடேதான் சுற்றும், அதனால் எந்த மாதமும் ஒன்றிரண்டு ஈனும். ஆனாலும் ஆடிச் சாரலில் புல் துளிர்த்து உடம்பு தேறியதும் பாதி ஆட்டுக்கு மேல் ஒரே சமயத்தில் சினைப்படும். அதெல்லாம் மார்கழியிலும் தையிலும் வந்து விழும். ஒரு வாரத்தில் 10, 12 ஆடு. சில ராத்திரி ஒன்றும் இருக்காது, சில ராத்திரி நான்கு.

எந்த ஆடு இன்றைக்கு ஈனும் என்பது சாயங்காலமே ஓரளவு தெரிந்துவிடும். மடி இறுகிக் காம்பு விறைத்திருக்கும். வால் அடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கும். மந்தையோடு நிற்காமல் வேலி ஓரமாக ஒதுங்கி, மண்ணைக் காலால் பறித்துப் படுக்கும், எழும், சுற்றும், மறுபடி படுக்கும். பனிக்குடம் உடைந்த பிறகு அரை மணியில் இருந்து ஒரு மணிக்குள் குட்டி வந்துவிட வேண்டும். நல்லபடியாக வருகிற குட்டி, கிணற்றில் குதிக்கிற பையன் மாதிரி வரும். முன்னங்கால் இரண்டும் நீட்டி, அதன்மேல் மூக்கை வைத்துக்கொண்டு. அப்படி வந்தால் நாம் கை வைக்கவே கூடாது, தள்ளி நிற்க வேண்டும். தலை மட்டும் வந்து கால் வரவில்லை, அல்லது ஒரு கால் மட்டும் தெரிகிறது, ஒரு மணி நேரம் முக்கியும் ஒன்றும் நகரவில்லை என்றால் உடனே 1962-க்குப் போன் போடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கையை உள்ளே விட்டு இழுக்கிற வேலை வேண்டாம். கர்ப்பப்பை கிழிந்து போன ஆட்டை நான் பார்த்திருக்கிறேன்.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் இருக்கிற சளியை வழித்துவிட வேண்டும். மூச்சு விடவில்லை என்றால் ஒரு வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டு லேசாகத் திருப்பினால் தும்மும். அந்தத் தும்மலைப் போல் நிம்மதி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் வைத்துவிட்டு, குட்டியைத் தாயின் மூக்குக்கு முன்னால் போட்டுவிட்டு விலகிவிட வேண்டும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் தாய் தன் குட்டியின் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நாலு பேர் டார்ச் அடித்துக்கொண்டு சுற்றி நின்றால் மிரண்டு ஓடிவிடும். குறிப்பாகத் தலை ஈத்து ஆடு, முதல் தடவை ஈனுகிற ஆடு.

அப்புறம் சீம்பால். ஆட்டுக்குட்டி பிறக்கும்போது நோயைத் தாங்குகிற சக்தி அதன் ரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தாயிடம் இருந்து வயிற்றுக்குள் அது போகாது. சீம்பால் வழியாக மட்டும்தான் போகும். குட்டியின் குடல் அதை அப்படியே உறிஞ்சுவது முதல் சில மணி நேரம்தான், ஒரு நாள் போனால் அந்தக் கதவு மூடிவிடும். அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டி சீம்பால் குடித்தே ஆக வேண்டும். இரண்டரைக் கிலோ குட்டிக்கு முதல் தடவையே 100 மில்லிக்குக் குறையாமல் உள்ளே போகட்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, கெட்ட பால் என்று. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு மார்கழி ராத்திரி நினைவுக்கு வருகிறது. பனி இறங்கிப் புல் நுனியெல்லாம் நனைந்திருந்தது. ஒரு தலை ஈத்து ஆடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் அதற்குச் சுட்டி என்றே பேர். அதன் குட்டிக்கு ஒரு முன்னங்கால் பின்னால் மடங்கிவிட்டது. டாக்டர் வந்து சரிசெய்து எடுத்தார். தாய் தப்பியது, குட்டிக்கு உயிர் இல்லை. சுட்டி அந்தச் செத்த குட்டியை நக்கிக்கொண்டே நின்றது. அந்த முனகலும் வந்தது. அதற்கு என்ன தெரியும்? நான் அங்கே உட்கார முடியாமல் எழுந்து போய்விட்டேன்.

அதே ராத்திரி, விடிய இரண்டு மணி இருக்கும், ஒரு கிழட்டு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. மேச்சேரியில் இரட்டை அபூர்வம். எங்கள் பட்டியில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம், ஆனால் அந்த ஆட்டுக்குப் போன ஈத்தில் மடிநோய் வந்து ஒரு காம்பு அடைத்துப் போயிருந்தது. ஒற்றைக் காம்பில் இரண்டு குட்டி பிழைக்காது. என் மாமியார் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பார்த்தார். "சுட்டி நஞ்சுக்கொடி போட்டுருச்சா கண்ணு?" என்று கேட்டார். "இப்பத்தான் விழுந்துச்சுங்க அத்தை" என்றேன். "அதைத் தூக்கிப் போட்டராதே. எடுத்துட்டு வா" என்றார். இரட்டையில் சின்னது, இன்னும் ஈரம்கூடக் காயவில்லை, அதை எடுத்து வெந்நீரில் துடைத்து, சுட்டியின் நஞ்சுக்கொடியையும் அந்த நீரையும் குட்டியின் தலையில் இருந்து வால் வரைக்கும் தடவினார். செத்த குட்டியை நான் சாக்கில் சுற்றி மறைத்துக் கொண்டுபோனேன். இந்தக் குட்டியை அது கிடந்த இடத்திலேயே வைத்தோம்.

சுட்டி வந்து முகர்ந்தது. காலைத் தரையில் உதைத்தது. தலையால் ஒரு முட்டு முட்டியது, குட்டி உருண்டுபோய் விழுந்தது. நான் எடுக்கப் போனேன், அத்தை கையைப் பிடித்து நிறுத்தினார். குட்டி தானே தடுமாறி எழுந்து மறுபடி அதனிடமே போனது. மறுபடி முட்டு. மூன்றாம் தடவை முட்டவில்லை, முகர்ந்துகொண்டே நின்றது. தலையை முகரும், வால் பக்கம் போய் முகரும். முக்கால் மணி நேரம் இப்படியே. நாங்கள் இருவரும் படலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்திருந்தோம், பேசவில்லை. முதலில் நாக்கு வெளியே வந்தது. காதை ஒரு நக்கு. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. "ஆச்சு, போய்ப் படு" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து போய்விட்டார்.

இந்த மாதிரி ராத்திரிகளில்தான் குட்டி பிழைப்பதும் சாவதும் முடிவாகிறது என்று நானும் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று 2016-ல் தெரிந்துகொண்டேன். அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வரவேண்டிய மழை வரவில்லை. கொரங்காட்டில் புல் வேரோடு காய்ந்து கிடந்தது. ஆடுகள் மேய்ந்தன என்று சொல்வதைவிட நடந்தன என்றுதான் சொல்ல வேண்டும். மார்கழியில் ஈன ஆரம்பித்தது. குட்டி ஒவ்வொன்றும் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ, பூனைக்குட்டி கனம். வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும். தாயின் மடியில் பால் இல்லை. பால் இல்லாத தாய், குட்டியைப் போட்டுவிட்டு எழுந்து மேயப் போய்விட்டது. அதைக் குறை சொல்ல முடியுமா, அதுவே பட்டினி. அந்த முனகலே இல்லாத ஒரு தை மாதம் அது. 38 குட்டி பிறந்து 13 போய்விட்டது. குட்டிகளைச் சாக்கில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்து, பாட்டிலில் பால் கொடுத்து, என்ன செய்தும் நிற்கவில்லை. நான் தூங்காமல் காத்ததில் ஒரு குறையும் இல்லை.

கால்நடை மருத்துவமனையில் இதைச் சொல்லி அழுதபோது அங்கே இருந்த டாக்டர் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார். வயிற்றில் குட்டி வளர்கிற எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு, ஏழு வாரத்தில்தான் ஏறுகிறது. மடியில் பால் ஊறுகிற வேலையும் அப்போதுதான் நடக்கிறது. "ஈனற அன்னைக்கு நீங்க கண்ணு முழிக்கறது சரிங்கம்மா. அதுக்கு 50 நாளைக்கு முன்னாடி ஆட்டுக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? ஒன்றும் போடவில்லை. அந்த வருடம் எங்களுக்கே இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த வருடத்தில் இருந்து கார்த்திகை பிறந்தால் முற்றின சினை ஆடுகளைத் தனியாகப் பிரித்துவிடுவேன். ஆடு ஒன்றுக்குத் தினம் 200 கிராம் தீனி: கம்பு, மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் தாது உப்பு. சோளத்தட்டை எப்போதும் இருப்பு வைத்திருப்பேன். கோடையில் உதிர்கிற வெள்வேலங்காயைப் பொறுக்கி மூட்டை கட்டிப் போட்டால் அதுவும் அப்போது கை கொடுக்கும், காசும் இல்லை. துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசியை ஈனுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் சினை ஆட்டுக்குப் போட்டுவிட வேண்டும், சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போய்ச் சேரும். சினை ஆட்டைப் பிடிக்கும்போது மட்டும் விரட்டாமல் மெதுவாக. செலவைக் கேட்டால் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். 50 நாளைக்கு ஓர் ஆட்டுக்கு 10 கிலோ தீனி, அவ்வளவுதான். கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டு, ஒரு நல்ல குட்டியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன வருடம் 41 குட்டியில் 2 மட்டும்தான் போனது. அந்த இரண்டில் ஒன்றை நாய் தூக்கியது.

நாயைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கம் ஆடுகள் ராத்திரி காட்டிலேயே பட்டியில் அடையும், வீட்டுக்கு வராது. முன்பு ஒரு படல் கட்டினால் போதும். இப்போது வெள்ளகோவில், காங்கயம், மூலனூர் எங்கே கேட்டாலும், தெருநாய் கூட்டமாக வந்து பட்டிக்குள் புகுந்து ஒரே ராத்திரியில் பத்து ஆடு, பதினைந்து ஆடு கடித்துப் போட்டது என்ற செய்திதான். கொன்று தின்பதுகூட இல்லை, கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு இழப்பீடு கேட்டு விவசாயிகள் உட்கார்ந்தார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். இது பெரிய இடத்தில் தீர்க்க வேண்டிய காரியம். நம்மால் ஆனது, பட்டியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கம்பிவலை, குட்டிகளுக்குக் கொடாப்பு. மூங்கிலில் பின்னின கவிழ்ப்புக் கூடைதான், மேலே ஒரு கல்லையும் தூக்கி வையுங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு இது கஷ்டமான பிழைப்பு என்று தோன்றலாம். தை பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் எங்கள் கொரங்காட்டுக்கு வந்து பாருங்கள். தாய்களை மேய விட்டுவிட்டுக் கொடாப்பைத் திறந்தால் இருபது, முப்பது குட்டி ஒரே நேரத்தில் ஓடும். காரணமே இல்லாமல் நாலு காலையும் தூக்கிக் குதிக்கும். எங்கள் கிணற்றுமேட்டில் ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறுவதும் குதிப்பதும், மறுபடி ஏறுவதும். என் பேத்திக்கு அப்போது பள்ளிக்கூடம் போக மனசே வராது. எனக்கும் வேலை ஓடாது, அங்கேயே நின்றுவிடுவேன்.

சுட்டி வளர்த்த அந்தக் குட்டி கிடாய்க்குட்டி. ஆறு மாதத்தில் கன்னிவாடிச் சந்தைக்குக் கொண்டுபோனேன், நல்ல விலைக்குத்தான் போனது. வளர்ப்பதே விற்கத்தான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் சுட்டி வேலி ஓரமாகவே நின்று கத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மேயப் போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று ஈத்து ஈன்றிருக்கிறது. எல்லாம் ஒற்றைக் குட்டி, எல்லாம் பிழைத்தது.

இன்றைக்குக் காலையில் நான் பஸ் ஏறும்போது அது வேலி ஓரம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது. மடி இறங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு ஆடும் அதே நிலையில் இருக்கின்றன. அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, காது நன்றாகக் கேட்கும். நான் வருகிற வரைக்கும் பட்டிப் பக்கம் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.