கேமரா ஓடும்போது விழுந்தவனை யார் தூக்குவது?

(குன்னூரில் உள்ளூர்ப் பிள்ளைகள் எடுத்த திகில் படத்தைத் திரையிட்ட மாலையில் பேசியது. கேட்டவர்கள் எழுத்தில் வேண்டும் என்றதால் எழுதித் தருகிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் கோத்தகிரியில் இருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, என்னை முதன்முதலில் மேடையேற்றிப் பேசவைத்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, வாடகை வேண்டாம் என்று சொல்லி மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகத்தாரே, படம் எடுத்த தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முன் வரிசையில் குல்லாவோடு உட்கார்ந்திருக்கிறாரே ஒரு பெரியவர், இந்து நகரில் இருந்து வந்திருக்கிறார், அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போகக் கூடாது. 1967ல் ஊட்டியில் உற்பத்தியைத் தொடங்கியது ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை. அங்கே வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர் இவர். ஃபோனில் படம் எடுக்கிற பிள்ளைகளே, கேட்டுக்கொள்ளுங்கள், ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இந்த மலையில்தான் செய்தார்கள். எத்தனை வீட்டுக் கல்யாணப் படம், எத்தனை பேருடைய எலும்பு முறிவு, எல்லாம் இவர்கள் இருட்டறையில் நின்று பூசிய ஃபிலிமில்தான் பதிந்தன. ஆலையை மூடிவிட்டார்கள். ஆனால் சினிமா இந்த மலைக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை என்பதற்கு இவர் சாட்சி. ஐயா, எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே வணக்கம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். கையில் காசில்லாமல் திகில் படம் எடுப்பது எப்படி என்பது ஒன்று, இந்தப் படத்தின் இயக்குநர் கதாபாத்திரம் இரண்டாவது, கேமராவுக்குப் பின்னால் வேலை பார்க்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பது மூன்றாவது.

முதலாவது. எங்கள் அப்பா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார், ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று. இந்தப் பிள்ளைகள் ஆழம் தெரிந்துதான் காலை விட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பழைய பங்களா, ஏழெட்டு முகங்கள், மூடுபனி. பனிக்கு வாடகை கிடையாது. கத்திக்குத்துப் படங்களின் வரலாறே சிக்கனத்தின் வரலாறுதான். 1978ல் ஜான் கார்பென்டர் எடுத்த ஹாலோவீன் ஏறக்குறைய 3 லட்சம் டாலர் படம், ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. கொலைகாரனுக்கு முகமூடி வாங்கக் காசில்லாமல், கடையில் 2 டாலருக்கும் குறைவாகக் கிடைத்த ஒரு டிவி நடிகரின் முகமூடியை வாங்கி வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். கதை நடப்பது இலையுதிர் காலம், படம் எடுத்ததோ வசந்தத்தில். அதனால் காகித இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் பொறுக்கிப் பைக்குள் போட்டு, அடுத்த தெருவில் மறுபடி கொட்டினார்கள். ஹிட்ச்காக்கின் சைக்கோவில் குளியலறையில் ஓடுகிற ரத்தம் சாக்லேட் பாகு. கருப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது? நம் பிள்ளைகள் கலரில் எடுத்ததால் சர்க்கரைப் பாகில் சிவப்பைக் கலந்து கொஞ்சம் காபித் தூளும் போட்டார்களாம். திரையில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, அப்படி ஒரு நிறம்.

இப்போது அந்த இயக்குநர் கதாபாத்திரம். பேய்ப் படம் எடுக்கிற மனிதர், நடிகர்கள் அலறுவது பொய்யாக இருக்கிறது என்று அவருக்குத் தீராத எரிச்சல், கடைசியில் உண்மையான அலறல் வேண்டும் என்று உண்மையாகவே கொல்ல ஆரம்பிக்கிறார். இந்தக் கற்பனைக்கு ஒரு மூத்த உறவு உண்டு. 1960ல் மைக்கேல் பவல் பிரிட்டனில் எடுத்த பீப்பிங் டாம். அதில் கொலைகாரன் ஸ்டுடியோவில் ஃபோகஸ் பார்க்கிற ஆள். கேமரா முக்காலியின் கூர்மையான காலால் குத்திக்கொண்டே, சாகிறவள் முகத்தைப் படம் பிடிப்பான். அந்தப் படத்தை அன்றைய விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அவ்வளவு பெரிய இயக்குநரின் தொழிலே அதோடு சரிந்தது. பிற்பாடுதான் கொண்டாடினார்கள்.

ஆனால் நம் பிள்ளைகள் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். கொலையை விடவும் என்னை உலுக்கியது கொலைக்குப் பிறகு வருகிற கைதட்டல். அந்தப் பெண் தரையில் கிடக்கிறாள், உண்மையான ரத்தம், யூனிட் மொத்தமும் “சூப்பர் டேக்” என்று கை தட்டுகிறது. லைட்மேன் தட்டுகிறார், மேக்கப் அக்கா தட்டுகிறார், டீ கொண்டுவந்த பையனும் தட்டுகிறான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் இந்த மண்டபத்தில் நிறைய பேர் சிரித்தீர்கள். என்னால் முடியவில்லை, அது ஏன் என்று சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் கட்டபெட்டுப் பக்கம் ஒரு யூனிட் வந்து பேய்ப் படம் எடுத்தார்கள். பெயர் வேண்டாம். ராத்திரி முழுக்க வேலை, விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிர் தாங்காமல் அந்த நடிகர், மெட்ராஸ்காரர், மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் ரோட்டோரம் டீக்கடையைத் தேடி நடக்கிறார். பாதி முகம் கிழிந்த மாதிரி, கழுத்தில் இருந்து சட்டை வரைக்கும் ரத்தம், வாய்க்குள் பேய்ப் பல் செட். எதிரே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் இருந்து ஒரு பாட்டி, இலங்கையில் இருந்து திரும்பிவந்து குடியேறியவர், தலையில் போர்வையோடு வருகிறார். நாமாக இருந்தால் பேய் என்று ஓடியிருப்போம். பாட்டி ஓடவில்லை. “அய்யோ என் ராசா, காட்டுமாடு குத்திருச்சா!” என்று கட்டிப் பிடித்துவிட்டார். இவர் பேசப் பார்க்கிறார், பல் செட்டு விடவில்லை, “ம்ம்... ம்ம்...” என்கிறார். “பேசாத ராசா, பேசினா ரத்தம் போயிரும்” என்று தன் போர்வையைக் கிழித்துத் தலையைச் சுற்றிக் கட்டுகிறார். சத்தம் கேட்டு லைன் மொத்தமும் வந்துவிட்டது. ஒருவர் வனத்துறைக்கு ஃபோன் போடுகிறேன் என்கிறார், ஒருவர் மஞ்சள் கொண்டுவருகிறார், இலை ஏற்றப் போன பிக்கப் வண்டியை மறித்து மனிதரைத் தூக்கிச் சாக்குமேல் படுக்கவைத்து, பாட்டி தலையை மடியில் வைத்துக்கொண்டு, கோத்தகிரி ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டார்கள்! வழி முழுக்க அவர் எழுந்திருக்கப் பார்க்க, நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க. நர்ஸ் பஞ்சை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, சர்க்கரைப் பாகு. ஆஸ்பத்திரியே சிரித்தது. பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. “அடி ஒண்ணும் படலியே? அது போதும்” என்றார். கிழிந்த போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதே பிக்கப்பில் திரும்பி வந்தார்.

நீங்கள் சிரிப்பது சரிதான், நானும் இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பேன். மீதியையும் கேளுங்கள்.

அதே படப்பிடிப்பு, கடைசி ராத்திரி. தேயிலைச் சரிவின் மேலே லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ள நம் ஊர்ப் பையன் ஒருவரை அன்றாடக் கூலிக்கு நிறுத்தினார்கள். மழை பெய்து பாசி வழுக்குகிறது, கயிறு இல்லை, போட்டிருந்ததோ ரப்பர் செருப்பு, புகை மெஷின் வேறு ஓடுகிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம், அங்கே ஆழத்தைக் கண்ணால் பார்க்கவே வழியில்லை. வழுக்கி, ஸ்டாண்டோடு கீழே வாய்க்காலில் விழுந்தார். அலறினார். அந்த அலறலைக் கேட்டு யாரோ கை தட்டினார்கள். நடிகர் ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். லைட் ஏன் அணைந்தது என்று தேடிப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. யூனிட் வண்டி ஹீரோவை ஊட்டி ஹோட்டலில் விடப் போயிருந்தது. யார் வந்தார்கள் தெரியுமா? அதே பிக்கப். இடுப்பெலும்பும் காலும் போயின. பிறகு கம்பெனியைக் கேட்டால், இப்படி ஒரு ஆள் எங்கள் லிஸ்டிலேயே இல்லை என்றார்கள். லிஸ்டில் எப்படி இருப்பார்? எந்தத் தாளிலும் அவர் பெயரை எழுதவே இல்லையே. இப்போது இலை எடை போடுகிற கொட்டகையில் உட்கார்ந்த இடத்து வேலை பார்க்கிறார்.

இது நம் மலைக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்காதீர்கள். 1982ல் அமெரிக்காவில் ஒரு ராத்திரிப் படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். அந்தக் குழந்தைகளைச் சட்டத்துக்கு மறைத்து ராத்திரி வேலைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். வழக்கு நடந்தது, 1987ல் இயக்குநர் உட்பட எல்லோரும் விடுதலை. 2014ல் ஜார்ஜியா மாநிலத்தில், ரயில் கம்பெனி அனுமதி மறுத்த பிறகும், ஆற்றுப் பாலத்தின் தண்டவாளத்தில் இரும்புக் கட்டிலைப் போட்டுக் காட்சி எடுக்கப் போனார்கள். ரயில் வந்துவிட்டது. சாரா ஜோன்ஸ் என்ற 27 வயதுக் கேமரா உதவியாளர் இறந்துபோனார். இந்தத் தடவை இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2015ல் சிறைக்குப் போனார். நம்மிடமும் 2020 பிப்ரவரியில் சென்னைக்குப் பக்கத்திலேயே கிரேன் சாய்ந்து 3 பேர் இறந்தார்கள். கத்தி எடுத்த இயக்குநரைத் திரையில் பார்த்துப் பயந்தீர்களே, கத்தியே எடுக்காமல் “இன்னும் ஒரே ஒரு ஷாட்” என்று சொல்கிறவரைப் பார்த்தும் பயப்படுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 46 கிலோமீட்டர், 16 குகை, எண்ண முடியாத பாலம், 2005ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தார்கள். மெதுவாகத்தானே வருகிறது, இறங்கி ஓடிவிடலாம் என்று ஃபோனோடு பாலத்தில் நிற்கிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். பாலத்தில் இறங்க இடம் ஏது? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எங்கள் அப்பா சொன்னது இவர்களுக்காகத்தான் போலிருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வெளியூர்க் கம்பெனியானாலும் சரி, நம் பிள்ளைகளானாலும் சரி, மலையில் கேமராவை வைத்தால், லைட் பிடிக்கிறவர், கூட்டத்தில் நிற்கிறவர், சமையல் பாத்திரம் கழுவுகிற அக்கா வரைக்கும் பெயரும் கூலியும் தாளில் இருக்க வேண்டும். 1981லேயே திரைத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று. நாம்தான் யாரும் கேட்டதில்லை. கடைசி லைட் அணையும்வரை ஒரு வண்டி டிரைவரோடு அங்கேயே நிற்க வேண்டும், ஹீரோவைக் கொண்டுபோய் விட அதைத் தொடக் கூடாது. 108க்கு ஃபோன் போட்டால் வருவார்கள், நன்றாகவே வருவார்கள். ஆனால் கொண்டை ஊசி வளைவும் பனியும் ராத்திரியில் ரோட்டை மறிக்கிற யானையும் அவர்களையும்தானே தாமதப்படுத்தும்? மழை ராத்திரியில் சரிவில் ஆள் நிறுத்துவதாக இருந்தால் இடுப்பில் கயிறு. முடியாது என்றால் அந்த ஷாட் வேண்டாம், பகலில் எடுத்து இருட்டாக்கிக்கொள்ளுங்கள், அதற்கெல்லாம் இப்போது வசதி வந்துவிட்டது.

காசில்லாத படம், இதெல்லாம் எப்படி முடியும் என்று தம்பிகள் கேட்கலாம். இந்தப் படத்தை இயக்கிய தங்கையை நேற்றே கேட்டேன். கத்திச் சண்டை எடுத்த அன்று டாக்டர் ஐயாவின் காரைக் கேட்டு வாங்கி வாசலிலேயே நிறுத்தியிருந்தாராம். கத்தி எல்லாம் ரப்பர், ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் ஒருவர் கையால் வளைத்துக் காட்டியிருக்கிறார். செலவு ஒரு டேங்க் பெட்ரோல். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

வாசல் மேசையில் மனு வைத்திருக்கிறோம், மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடுப்பதற்காக. படப்பிடிப்புக்கு அனுமதி கொடுக்கும்போதே ஆள் பட்டியலும் வண்டியும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கையெழுத்துப் போடுங்கள். அரவேனு, கட்டபெட்டு, பர்லியார் லைன் வீடுகளுக்கு இதைக் கொண்டுபோக ஆள் தேவை, ஜீப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே கை தூக்குங்கள். அங்கே மூன்று பேர், பின்னால் ஒரு அக்கா, நன்றி. பெயரைச் சங்கத் தலைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்து டாக்டர் ஐயா பேசுவார், விழுந்தவரை எப்படித் தூக்க வேண்டும், எப்படித் தூக்கக் கூடாது என்று செய்தே காட்டப் போகிறார், யாரும் எழுந்து போகாதீர்கள். வணக்கம்.