சகடைச் சத்தம்

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு யாழ்ப்பாணத்தில, உரும்பிராயில, அம்மாவின்ர வீட்டு வளவில நிண்டு கதைக்கிறன். காத்துச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன கிழமை என்ர மகள் ஒண்டு கேட்டவ. ஒன்பது வயசு அவவுக்கு. "அப்பா, பிளேன் போனால் ஏன் அப்பம்மா வெளியால வந்து அண்ணாந்து பாக்கிறவ?" எண்டு. நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சிட்டன். ஆனால் அண்டிரவு நித்திரை வரேல்லை. அதுதான் இந்த வீடியோ, சண்டைக் காலத்தில எங்களுக்கு மேல குண்டு போட்ட சகடை எண்ட பிளேனைப் பற்றி. அவ வளந்தாப் பிறகு பாக்கட்டும்.

இந்தா, இந்த வாழைப் பத்தையடிக்கு வாறன். நிலம் தாண்டு கிடக்குது, தெரியுதோ? மாரி முடிய ஒவ்வொரு வருசமும் மண் கொட்டுறம். அடுத்த மாரிக்கு அது திரும்பவும் இறங்கிவிடும். இதுக்குள்ளதான் எங்கட பங்கர், குண்டுக்குப் பதுங்கிற குழி, இருந்தது.

1990 ஜூனில ஆமிக்கும் புலிகளுக்கும் திரும்பச் சண்டை துவங்கினோடன அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் சேந்து வெட்டினவை. எங்கட பக்கம் செம்மண், வெட்ட நல்ல சுகம். ஆனால் நாலடிக்குக் கீழ சுண்ணாம்புக் கல்லு வந்திட்டுது. பிறகு அலவாங்கால இடிச்சு இடிச்சு இன்னும் ஓரடி எடுத்தவை. மேல பனங்குத்தி அடுக்கி, உரப்பையில மண் நிரப்பிப் போட்டது. வாசல் நேரா இருக்காது, எல் வடிவத்தில ஒரு வளைவு இருக்கும். குண்டுச் சிதறல் நேராத்தான் வரும், வளைஞ்சு வராது. அதைப் பத்து வயசில நான் தெரிஞ்சு வைச்சிருந்தன். என்ர மகளுக்கு அது தெரியத் தேவையில்லை, அதில எனக்கு எவ்வளவு நிம்மதி எண்டு சொல்ல ஏலாது.

அந்தக் காலத்துப் பிள்ளையள் எல்லாருக்கும் சத்தத்தை வைச்சு ஆளைச் சொல்லத் தெரியும். ஹெலி எண்டால் தூரத்திலயே தட்டித் தட்டி வரும். பொம்மர், குண்டு போடுற ஜெட், கத்திக்கொண்டு குத்தும், குத்தி எழும்பும், முடிஞ்சுது. சகடை அப்பிடியில்லை.

சகடம் எண்டால் வண்டி. ஆர் முதல்ல அந்தப் பேரை வைச்சினமோ, சரியாத்தான் வைச்சவை. பாரம் ஏத்தின மாட்டுவண்டி கல்ரோட்டில போறமாதிரி வானத்தில ஊர்ந்து வரும். சிலர் அவ்ரோ எண்ட ரெண்டு எஞ்சின் பிளேனையும் சகடை எண்டு சொன்னவை. எங்கட ஒழுங்கையில சகடை எண்டால் நாலு எஞ்சின் பூட்டின அந்தப் பெரிசுதான்.

பிறகு பெரியாளாகித்தான் தேடி வாசிச்சன். அதின்ர பேர் வை-8. சீனாவில செய்தது. சோவியத்தின்ர அன்ரனோவ் அன்-12 எண்ட பிளேனைப் பாத்துச் செய்தவை. அன்-12 முதல் பறந்தது 1957இல, சீனாக்காரற்ற இது 1974இல. நீளம் 34 மீற்றர். செட்டை ரெண்டையும் விரிச்சால் 38 மீற்றர். எங்கட வளவின்ர முன்பக்கம் 19 மீற்றர், நான் நாடா பிடிச்சு அளந்தன். அப்ப இந்த மாதிரி ரெண்டு வளவைப் பக்கத்துப் பக்கத்தில வைச்சால்தான் அதின்ர செட்டை அடங்கும். 20 தொன் சாமான் ஏத்தலாம். பின்னால பெரிய கதவு, வாகனத்தையே உள்ளுக்கு ஏத்தலாம்.

இதைக் கவனிக்கோணும் உறவுகளே. அது குண்டு போடச் செய்த பிளேன் இல்லை. அது ஒரு லொறி. அரிசி மூட்டையும் ஆக்களையும் ஏத்தி இறக்கச் செய்தது. அதுக்குள்ள பீப்பாவில வெடிமருந்தை நிரப்பி, பின்கதவைத் திறந்து, விமானப்படைக்காரர் கையால உருட்டித் தள்ளினவை. கீழயிருந்து சுடுவினம் எண்டு நல்ல உயரத்தில நிண்டுதான் தள்ளுறது. பீப்பா உருண்டு பிரண்டு காத்தடிக்கிற பக்கம் போய் விழும். குறி எண்டு ஒண்டு அதுக்கு இருக்கேலாது. அது எங்க விழும் எண்டு தள்ளினவருக்கும் தெரியாது, கீழ இருந்த எங்களுக்கும் தெரியாது.

அம்மம்மாவுக்குக் காது சரியாக் கேக்காது. ஆனால் எங்களுக்கு முதல் அவவுக்குத்தான் தெரியவரும். திண்ணையில காலை நீட்டி இருப்பா, உள்ளங்கையைச் சீமெந்தில வைச்சிருப்பா. திடீரெண்டு எழும்பி, "பிள்ளையள், இறங்குங்கோ" எண்டுவா. நாங்கள் காதைக் குடுத்தால் ஒண்டும் கேக்காது. கொஞ்சம் செல்லத்தான் வடக்குப் பக்கத்தால அந்த உறுமல் வரும். அலுமாரிக் கண்ணாடி கிலுகிலுக்கும்.

பங்கருக்குள்ள இறங்கினால் பிறகு காத்திருப்புத்தான். பொம்மர் வந்தால் பயப்பிடவே நேரமிருக்காது. சகடை வந்தால் நேரம் நிறைய இருக்கும். அது ஒரு வட்டம் போடும், போய்விட்டுது எண்டு நினைப்பம். சத்தம் தேய்ஞ்சு, தேய்ஞ்சு, திரும்ப ஏறும். உள்ள இருட்டு. புழுக்கம். பூரான் ஊரும். அம்மா கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருப்பா, சத்தம் கிட்ட வர வர அவவின்ர குரலும் கெதிப்படும். ஒரு பீப்பா விழுந்து மற்றது விழுமட்டும் நான் எண்ணுவன். ஒண்டு, ரெண்டு, மூண்டு... இப்பவும் பல்லு வைத்தியரிட்டக் கதிரையில இருந்தால் என்னை அறியாமல் எண்ணத் துவங்கிவிடுவன்.

மெதுவா வாறது நல்லதுதானே, ஓடி ஒளிக்க நேரம் கிடைக்கும் எண்டு சிலர் நினைப்பினம். அந்த நேரந்தான் ஆளின்ர உயிரை எடுத்தது. எங்கட ஒழுங்கை முடிவில ஒரு மாமி இருந்தவ. சத்தம் கேட்டு எல்லாரும் இறங்கியாச்சு. அவ, "அது இன்னும் தூரத்திலதான் நிக்குது, மாட்டை அவிட்டு விட்டிட்டு வாறன்" எண்டு திரும்பிப் போனவ.

மாடு அறுந்த கயித்தோட எங்கட வளவுக்கு ஓடி வந்தது. இந்தக் கிணத்தடியில வந்து நிண்டது. நடுங்கிக்கொண்டு. அம்மா அதுக்குத் தண்ணி வைச்சவ.

...மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு நிமிசம்.

இன்னொண்டும் சொல்லோணும். 1987 ஜூன் 4ஆம் தேதி. எனக்கு ஏழு வயசு. அண்டைக்கும் இப்பிடிச் செட்டையில விசிறி சுத்துற பெரிய பிளேன்தான் வந்தது. இந்தியாவின்ர அன்-32 அஞ்சு, காவலுக்கு மிராஜ் எண்ட சண்டைப் பிளேன். பரசூட்டில சாப்பாட்டுச் சாமான் போட்டவை, மொத்தம் 25 தொன் அளவில. அண்டைக்கு ஒருத்தரும் பதுங்கேல்லை. அப்பா என்னைத் தோளில தூக்கி வைச்சு வானத்தைக் காட்டினவர். அம்மம்மா கும்பிட்டவ. மூண்டு வருசம் கழிச்சு அதே மாதிரிச் சத்தம் கேக்கேக்க நான் முதல்நாள் முத்தத்துக்கு ஓடினன், பரசூட் பாக்க. அப்பா வந்து மயிரில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவர். அவர் என்னை அடிச்சது அந்த ஒருநாள்தான்.

1992 ஜூலையில ஒரு வை-8 இயக்கச்சிப் பக்கம் விழுந்தது. ஒழுங்கைப் பெடியள் நாங்கள் கை தட்டினனாங்கள். அம்மம்மா தட்டேல்லை. "உள்ள எத்தினை பேர்?" எண்டு மட்டும் கேட்டவ. ஆரும் மறுமொழி சொல்லேல்லை.

பிறகு 2007. யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ-9 ரோட்டு மூடிக் கிடந்த காலம். கொழும்புக்குப் போறதெண்டால் ஆமியிட்டக் கிளியரன்ஸ் எடுத்து, பலாலி விமானத்தளத்தால பிளேனில போகோணும், இல்லாட்டிக் கப்பல். என்ர வாழ்க்கையில முதல் பிளேன் பயணம் அதுதான். விசிறி எஞ்சின், யன்னலோரம் இடம். எழும்பி ஒரு வளைவு எடுத்தது. நான் கீழ பாத்தன். செம்மண் தோட்டம், பனங்கூடல், சின்னச் சின்ன ஓட்டுக் கூரையள். எங்கட வீட்டைத் தேடினன். கண்டுபிடிக்க ஏலேல்லை. ஒரு கூரைக்கும் மற்றக் கூரைக்கும் வித்தியாசமே இல்லை. ஆக்கள் ஒருத்தரையும் தெரியேல்லை. மாடும் தெரியேல்லை. பக்கத்தில இருந்த ஐயா என்ர கையைப் பிடிச்சு, "முதல் தரமோ தம்பி, பயப்பிடாதையும்" எண்டவர். நான் ஓம் எண்டு தலையாட்டினன்.

அந்தப் பலாலிதான் 2019 ஒக்ரோபரில யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆனது. சென்னையிலயிருந்து வாறது ஏ.ரி.ஆர். ரெண்டு விசிறிதான், சகடைக்குப் பக்கத்தில வைச்சால் குஞ்சு. என்ர தங்கச்சி அதிலதான் பிள்ளையளோட வந்து இறங்கினவ. எனக்கு அந்தப் பிளேனில சரியான விருப்பம். ஆனால் விருப்பம் வேற, உடம்பு வேற. அந்தச் சத்தம் கேட்டால் முதல்ல என்ர வயிறு இறுகும், பிறகுதான் தங்கச்சியின்ர முகம் ஞாபகம் வரும்.

அம்மா இப்பவும் வெள்ளை வேட்டியை முத்தத்துக் கொடியில காயப்போட மாட்டா. மேலயிருந்து பாத்தால் தெரியும் எண்டு அந்த நாளில பழகினது. விறாந்தையில்தான் போடுவா, அது காய ரெண்டு நாள் செல்லும். நான் ஒண்டும் சொல்லுறதில்லை.

...பொறுங்கோ. கேக்குதோ? அங்கால, பனைக்கு மேல. சென்னைப் பிளேன்தான்.

அந்தா, அம்மா வாறா. கையை நெத்தியில வைச்சுக்கொண்டு. அம்மா, சென்னையால வாறது அம்மா. "ஓம், தெரியும்" எண்டுறா. ஆனால் உள்ள போகமாட்டா.

மகளும் வந்து பக்கத்தில நிக்கிறா. கமராவை இதில வைக்கிறன் உறவுகளே, நானும் போய் நிக்கப்போறன். சத்தம் முடியட்டும்.